அலசினால் சுருங்கும் சுவர்

1993 ஆவணி மாதம், நல்லூர் ஓடைக்கரையில் காசிமாயன் கட்டிய முதல் நாய்க்கொட்டடி, தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாள் ஆறடியிலிருந்து நாலே முக்கால் அடியாகச் சுருங்கியது. விரிசல் ஒன்றும் இல்லை. செங்கல், பூச்சு, வாசல் எல்லாம் ஒரே சீராகச் சிறுத்திருந்தன.

இடம் சுப்பாத்தாளுடையது. பயிர் செத்துப்போன எட்டு சென்ட். கடைக்கால் தோண்டினால் முழங்கால் ஆழத்திலேயே, சாயப்பட்டறைகள் ஓடையில் விட்ட சாயத்தண்ணீர் ஊறும். தெருநாய்கள் முப்பத்தொன்றுக்கு அவள் சோறு போட்டுவந்தாள். தீபாவளிக்குள் அடைத்து வைக்காவிட்டால் நாய்வண்டி வந்து அள்ளிப்போகும் என்று பஞ்சாயத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அள்ளிப்போன நாய் எதுவும் திரும்பியதில்லை. "மழைக்கு முன்னாடி முடிச்சிர்றேன் ஆத்தா" என்று, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கொத்தனார் காசிமாயன் வாக்குக் கொடுத்திருந்தான். நல்ல தண்ணீர் லாரி அந்தச் சேற்றில் இறங்காது. ஆகவே ஓடைத் தண்ணீரையே சுவருக்கு ஊற்றினான். திங்கட்கிழமை சுவர் சிவப்பாக இருந்தது, செவ்வாய்க்கிழமை நீலம். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்தக் கரையில் கொக்கும் அப்படித்தான். சுருங்கியதுதான் சிக்கல்.

பக்கத்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த நல்லான் வந்து டேப்பை வைத்து அளந்தான்.

"இது அலசாத துணியாட்டங்க மேஸ்திரி. சுருங்கறதக் கணக்குப் பண்ணி, கூட்டிக் கட்டிப்போடுங்க."

"கட்டிட்டு? பனியன் மாதிரி கழுத்துக்கு ரிப் பட்டி வச்சுத் தைக்கவா?"

"சிரிக்காதீங்க. ஒருக்கா அலசுன துணி மறுக்காச் சுருங்காதுங்க."

காசிமாயன் ஏழரை அடிக்குக் கட்டினான். மூன்றே நாளில் அச்சாக ஆறடிக்கு வந்து நின்றது. அந்தத் தைரியத்தில் பன்னிரண்டு கொட்டடி கட்டி, இரும்புக் கதவும் மாட்டினான். மறுநாள் நாய்களை அடைப்பதாக இருந்தபோது பேய்மழை பிடித்தது. ஓடை ஏறி, ஒரு பகல் முழுக்கக் கொட்டடிகளை முக்கி எடுத்தது. வடிந்தபோது அவை முழங்கால் உயரம்கூட இல்லை. கதவுகள் மட்டும் ஆறடியில், எதையும் அடைக்காமல் நின்றன.

"இன்னும் எத்தனை அலசு மாஸ்டர்?" என்றான் காசிமாயன்.

"நான் துணியத்தானுங்க சொன்னேன்" என்று நல்லான் போய்விட்டான்.

நாய்வண்டி சொன்ன நாளில் வந்தது. முப்பது நாய்கள் போயின. குட்டியிலிருந்தே ஓடைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த செவலை மட்டும், அந்த மழையில் நனைந்து பூனை அளவுக்கு ஆகி, ஒரு கொட்டடிக்குள் புகுந்து படுத்திருந்தது. வண்டிக்காரர்கள் குனிந்து பார்த்து, இது நாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

சுப்பாத்தாள் திட்டவில்லை. "தண்ணி அப்புடி. நீ என்ன பண்ணுவ கண்ணு" என்றாள். காசிமாயனுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அவன் ஊர் திரும்பவில்லை. செவலை வருஷா வருஷம் சிறுத்தது. கொட்டடி அதற்குப் பெரிதாகிப்போனால் குளிரில் நடுங்கும். அதனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஓடைத் தண்ணீரைச் சுவரில் ஊற்றி, அதை நாயின் அளவுக்குக் கொண்டுவருவான். அதன்பிறகு அவனுக்கு அளவு ஒருதடவைகூடத் தப்பவில்லை.

1999-ல் கொட்டடி தீப்பெட்டி அளவு இருந்தது. கரண்ட் போய் பனியன் கம்பெனி மெஷின்கள் நிற்கும்போது மட்டும் செவலை குரைப்பது கேட்கும். சுப்பாத்தாள் தினமும் ஒரு பருக்கை சோறு வைப்பாள். சூடு ஆறிய பிறகுதான் வைப்பாள்.