அமாவாசையில் பதிந்த பாட்டு

பாடத் தெரிந்தவன் பாடினால் கச்சேரி. பாடத் தெரியாதவன் தொண்டை கிழியக் கத்தினால் அதற்கு ‘பங்க்’ என்று பெயர். ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு வெளிநாட்டு கேசட்டைக் கேட்டுவிட்டு அருணகிரி இப்படித்தான் விளக்கம் சொன்னான். அந்தத் தகுதி தங்களுக்குத் தாராளமாக உண்டு என்று கந்தவேலும் குழந்தைவேலும் சேர்ந்துகொண்டார்கள். மூவரும் ராசிபுரத்தில் ஒரே விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். எழுபத்தொன்பதில் ‘அறுந்த இழை’ என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். எவனுக்கும் பயப்பட மாட்டோம் என்பதே எல்லாப் பாட்டுக்கும் பொருள். சொல்வதற்கென்ன, காசா பணமா?

அமாவாசையன்று நெசவுக்காரர்கள் தறியைத் தொடுவதில்லை. பட்டறை ஓய்ந்திருக்கும் அந்த நாளில்தான் பக்கத்து நூல் குடோனில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பாட்டைப் பதிவார்கள். எண்பதாம் வருஷம் ஆனி அமாவாசையில் முதலாளி அந்த வழக்கத்தை மீறினார். அவசர ஆர்டர் என்று கதவைச் சாத்திக்கொண்டு நான்கு தறிகளை மட்டும் ஓட்டவைத்தார். தறியின் தடதடப்பு இலவசத் தாளமாகிவிட்டது என்று பையன்களுக்கு ஒரே குஷி. இரண்டாம் சரணத்தில் அந்தச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வரி பாடிவிட்டுத்தான் நிறுத்தினார்கள்.

தறி ஓட்டிக்கொண்டிருந்த மாரியாயியின் வலது கை பெல்ட்டில் சிக்கி மூன்று விரல் போயிருந்தது.

அன்று பட்டறையையே திறக்கவில்லை என்று முதலாளி சாதித்தார்; தறி ஓட்டிய மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அமாவாசையில் எவன் தறி ஓட்டுவான் என்று ஊரும் தலையாட்டியது. லீவு நாளில் பிறந்த ஊருக்குப் போய்க் கரும்பாலையில் கையைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து நடிக்கிறாள் என்று பேச்சானது. விசாரிக்க வந்த அதிகாரி, பக்கத்து குடோனில் இருந்த மூவரையும் கேட்டார். எவனுக்கும் பயப்படாத மூவரும் கையைக் கட்டிக்கொண்டு, “எங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க” என்றார்கள். கந்தவேலுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வேலை போய்விடுமே என்ற பயம். அந்த கேசட்டை மட்டும் துணிப்பெட்டியின் அடியில் போட்டு வைத்தான்.

ஏழு வருஷம் போனது. சேலத்தில் கேசட் கடை வைத்துவிட்ட அருணகிரி, குழுவின் ஆரம்பப் பாட்டுகளைத் தொகுத்து ஒரே கேசட்டாக வெளியிடப் போவதாகச் சொல்லி அனுப்பினான். கல்லூரிப் பையன்கள் கேட்கிறார்களாம். கந்தவேல் அன்றே மாரியாயி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான்.

“நான் கத்துனது அதுல இருக்குதுங்ளாண்ணா?”

“இருக்குது. தறி ஓடறதும் இருக்குது. இன்னிக்கு ஆனி அமாவாசைன்னு பாட்டுக்கு முன்னால நானே சொல்லியிருக்கறேன்.”

“அப்ப ஊரே கேக்கட்டுமுங்க.”

ஒன்றையும் வெட்டக்கூடாது என்று சொல்லித்தான் கேசட்டை அருணகிரியிடம் கொடுத்தான். அவனும் சரி என்றான். ஒரு மாதம் கழித்துக் கந்தவேல் சேலத்துக்குப் போனபோது புது கேசட் தயாராக இருந்தது. அட்டையில் ‘எவனுக்கும் அஞ்சாத குரல்கள்’ என்று சிவப்பில் போட்டிருந்தது.

“அந்தப் பாட்டு?” என்றான் கந்தவேல்.

“அதே பாட்டை வேற அமாவாசைல பாடுனது ஒண்ணு இருந்துச்சு, சுத்தமா. அதைப் போட்டுட்டேன். அந்தச் சத்தம் வெளிய போனா, அன்னிக்குப் பொய் சொன்னது நாமதான்னு ஆயிப்போகும் பங்காளி.”

“பழைய கேசட்டு?”

“அழிச்சுப்போட்டேன். உனக்கும் சேத்துத்தான்.”

கந்தவேல் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. தப்பித்தோம் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பஸ் ஏறியபிறகுதான் அந்த நிம்மதி அவனுக்கே அசிங்கமாகப் பட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் மாரியாயி வீட்டுக்குப் போனான். அவள் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி வைத்திருந்தாள். புருஷன் காளியப்பன், மாமியார் செல்லாயி, அக்கம்பக்கத்தார் என்று வீடு நிறைய ஆட்கள். பொய்க்காரி என்று பட்டம் கட்டிய அத்தனை பேரையும் அவளே கூப்பிட்டிருந்தாள். கந்தவேல் அருணகிரி கொடுத்த புது கேசட்டை நீட்டினான். அவள் அதை வாங்கிப் போட்டாள்.

அந்தப் பாட்டு வந்தது. முதல் சரணம் போனது, இரண்டாம் சரணமும் போனது. பாட்டே முடிந்துவிட்டது.

“பாட்டு நல்லாத்தான் இருக்குது. உன்ற அலறலு எங்கடி?” என்றாள் செல்லாயி. யாரோ சிரித்தார்கள். காளியப்பன் எழுந்து வெளியே போய்விட்டான்.

கந்தவேலுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. “அலறுனது நெசமுங்க. தறி ஓடுச்சு, நாங்க மூணு பேரும் கேட்டோம். அது இருந்த கேசட்டை அருணகிரி அழிச்சுப்போட்டான். நான் அன்னிக்கு பயந்துட்டுப் பொய் சொல்லிப்போட்டேன்.”

“பாவம், இவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வந்து இவரும் புளுகறாரு” என்றாள் செல்லாயி.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மாரியாயி இடக்கையால் கேசட்டை வெளியே எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“அன்னிக்கு அந்த ஆபீசர்கிட்டச் சொல்லியிருந்தா எனக்கு நாயங் கெடைச்சிருக்குமுங்ணா. இன்னிக்குச் சொன்னதுல உங்க மனசுதான் லேசாகும். அதுக்கு என்ற ஊடுதான் கெடைச்சுதுங்ளா?”