ஆடாத கால்

தியானத்துக்கு எல்லோரும் கண்ணை மூடியதும் அம்சம் கண்ணைத் திறந்தாள். திருட்டுத்தனம்தான். ஆனால் காலையிலிருந்தே அவளுக்கு மனசு சரியில்லை. நடைவழிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையில், அவள் புருஷன் காத்தான் தூணில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டிருந்தார். வலது முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

காலமெல்லாம் டிராக்டர் ஓட்டிய மனுஷன். வண்டியை விட்டு இறங்கியும் இஞ்சின் அணையவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் கால் ஆடும். உட்கார்ந்து காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாதென்று அம்சம் முழங்காலில் கைவைத்து அழுத்துவாள். கையை எடுத்ததும் மறுபடி ஆடும். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து.

மகன் அன்பரசன் மன்னார்குடியில் காலேஜ் வாத்தியார். புத்தர் வழிக்கு வந்தபிறகு கறியையும் கோபத்தையும் ஒருசேர விட்டவன். வயல்களுக்கு நடுவே புத்த சங்கத்தார் போட்டிருக்கும் கொட்டகையில், புதியவர்களுக்குச் சனி, ஞாயிறு தியான வகுப்பு என்று இருவரையும் அழைத்து வந்தான். அப்பாவால் அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார முடியாது என்று வழியில் அவன் சிரித்ததுதான் வினை. காத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

இங்கே யாரும் பேசக் கூடாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பொங்கலைத் தொடாமல் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டதைப் பார்த்து, "என்னங்க, நெஞ்சு எரியுதா?" என்று அம்சம் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. பயிற்சி கொடுக்கும் மருதையன் உதட்டில் விரல் வைத்தார். அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டான். காத்தான் ஒன்றுமில்லை என்று கையை அசைத்துவிட்டு எழுந்து போனார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு அவமானமாகிவிட்டதே என்று அவளும் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

"வலி வரும்," என்று இப்போது மருதையன் மெதுவாகச் சொன்னார். "அசையாதீங்க. அதை விரட்டாதீங்க. பாத்துக்கிட்டே இருங்க. வந்தது தானா போயிடும்."

வெளியே மார்கழிக் குளிர். காத்தானின் முகத்தில் வேர்த்துக் கொட்டியது. தாடை இறுகியிருந்தது. சொன்னபடி வலியை விரட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்று அம்சத்துக்குச் சந்தேகம் வந்தது. எழுந்து போனால் மறுபடி எல்லோரும் பார்ப்பார்கள். மகனின் குனிந்த தலை கண்முன் வந்தது. மணி அடிக்கட்டும், முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கால் நின்றது.

தூக்கத்தில்கூட நிற்காத கால். மருதையனும் அதைக் கவனித்துவிட்டார். குனிந்து அன்பரசனின் தோளைத் தொட்டு, "உங்கப்பாவப் பாருங்க சார்" என்றார். அன்பரசன் கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் முகமெல்லாம் பெருமை.

அம்சம் எழுந்தாள். யாரோ சலித்துக்கொண்டு உச்சுக் கொட்டினார்கள். மருதையனின் விரல் உதட்டுக்குப் போனது. அவள் நடைவழியைத் தாண்டிப் போய்க் காத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டை நனைந்திருந்தது. அதன் உள்ளே நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"ஆட்டுங்க," என்றாள். "இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆட்டுங்க."

வழக்கம்போல முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.