ஊர் எது என்று கேட்டார்கள்

நான் டாக்டராக ஆசைப்பட்டதற்குச் சேவை மனப்பான்மை காரணம் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் லியனார்ட் ஐயா எனக்காக ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்து நிற்க வேண்டும். அதுதான் காரணம்.

அவர் எழுந்து நின்று, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் ஆட்கள் யாரும் பார்த்ததில்லை. துரை வந்தால் எழுந்திருப்பார் என்று சொல்வார்கள். துரைக்குக் காய்ச்சல் வந்தால் டிக்கோயா பெரிய டாக்டரைக் காரில் அழைத்து வருவார்களே தவிர, துரை எதற்கு அந்தப் பக்கம் வருகிறார்? நாங்கள் மருந்துக்குப் போனால் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே கால் வைக்கக் கூடாது.

சின்ன வயதில் ஒருநாள் காய்ச்சலோடு போன அம்மாவுக்குத் துணையாக நானும் போனேன். நல்ல மழை. அம்மா கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நடுங்கினாள். ஐயா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த லயம்?"

"பத்தாம் நம்பருங்க."

"நாக்க நீட்டு."

அம்மா நீட்டினாள். அவர் படித்துக்கொண்டிருந்ததை முடித்து, பக்கத்தைப் புரட்டி, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அம்மா நாக்கை உள்ளே இழுக்கவில்லை. அம்மா ஒன்றும் சாகவில்லை. நாலு நாள் படுத்திருந்துவிட்டு மறுபடி கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த நாக்கு மறக்கவில்லை.

1957ஆம் ஆண்டு, கொழும்பில் மருத்துவப் படிப்புக்கான நேர்முகப் பரீட்சைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எழுத்துப் பரீட்சை மார்க் போதுமானதாக இருந்தது. அதைப் பற்றிப் பீற்றிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. அட்டனில் எனக்கு விலங்கியல் சொல்லித்தந்த பவுலின் டீச்சர் என்னைத் தயார்படுத்தும் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். கேட்டால் 'அட்டன் பக்கம்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"எதுக்கு டாக்டராகணும்னு கேட்டா என்ன சொல்லுவே வடிவு?"

"லியனார்ட் ஐயாவ எழுப்பணும் டீச்சர்."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏழைங்களுக்குச் சேவை செய்யணும்னு சொல்லு."

"நாமதானே டீச்சர் ஏழைங்க?"

"அதச் சொல்லித் தொலைக்காத. ஏழைங்க வேற எங்கயோ இருக்காங்கங்கிற மாதிரி சொல்லு. சரி, அப்பா என்ன செய்யிறாரு?"

"ஸ்டோர்ல கொழுந்து வாட்டுறாரு."

"தேயிலைத் துறையில இருக்காருன்னு சொல்லு. பொய் இல்லையே."

பொய் இல்லைதான்; ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. தேயிலைத் தூள் படியாத இடம் அப்பாவின் உடம்பில் கிடையாது.

கதவைத் தட்டுவது, 'குட் மார்னிங் சேர்' சொல்வது, நாற்காலியின் முன்பாதியில் மட்டும் உட்காருவது எல்லாம் பழக்கினார். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கைகள். பெரிய மனிதர்களைக் கண்டால் எங்கள் கைகள் தாமாகவே மார்பில் போய்க் கட்டிக்கொள்ளும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடும்போது அப்பா நிற்பதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். "கையக் கட்டாத, கையக் கட்டாத," என்று டீச்சர் அடிமட்டக் கோலால் என் முழங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு மனுஷி தன் சொந்தக் கைகளைத் தொங்கவிடுவதற்குப் பயிற்சி எடுத்த கதை இது. கொழும்புக்குப் போகும்போது கைகள் நன்றாகத் தொங்கின.

புறப்படுகிற அன்று காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிரா ராக்காயி அக்கா வாசலில் வந்து நின்றது.

"ஏன் வடிவு, டாக்டராயிட்டீன்னா ஊருக்குப் போயிருவியா, இல்ல இங்கனதான் இருப்பியா?"

"மொதல்ல ஆகட்டும்க்கா."

"ஊருக்குப் போனா நம்ம சனத்தையெல்லாம் பாக்கலாம்ல."

அக்கா பிறந்தது பத்தாம் நம்பர் லயத்தில். என் அம்மா ஏழாம் நம்பரில். ஊர் என்று அவர்கள் சொல்வது கடலுக்கு அந்தப் பக்கம், கப்பல் ஏறி வந்த தாத்தன் விட்டுவிட்டு வந்த இடம். நாங்கள் இருப்பது தோட்டம். தோட்டத்தை யாரும் ஊர் என்று சொல்வதில்லை. அது கம்பெனியுடையது, துரை வேலையிலிருந்து நீக்கிப் பற்றுச்சீட்டுக் கொடுத்தால் மறுநாள் சட்டிபானையோடு வெளியே நிற்க வேண்டும். எங்களுக்குள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது எந்தத் தோட்டம், எந்த லயம் என்றுதான். ஊர் எது என்று கேட்டால் நாலு வயதுப் பிள்ளையும் தூக்கத்தில் பதில் சொல்லும்: திருச்சி ஜில்லா, முசிறிப் பக்கம். முசிறி எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிக்கும்.

அப்பா கந்தப்பன் என்னோடு வரவில்லை. வந்தால் பேர் விழாது, சம்பளம் போய்விடும் என்றார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. டீச்சர்தான் ரயிலில் கூட்டிப் போனார்.

அந்தக் கட்டடத்தின் நடையில் ஒரு நீள மர வாங்கில் வரிசையாக உட்காரவைத்தார்கள். எனக்கு அடுத்து இசபெல் என்று ஒருத்தி. கொழும்புப் பெண், அப்பா டாக்டர், அண்ணன் டாக்டர், மாமா உள்ளே கேள்வி கேட்கிறவர்களோடு கிளப்பில் சீட்டு விளையாடுகிறவர். இதையெல்லாம் நான் கேட்காமலே இங்கிலீஷில் சொன்னாள். அவள் உள்ளே போனதும் சிரிப்புச் சத்தம் வந்தது. பரீட்சையில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று பயந்துகொண்டிருந்தேன். வெளியே வந்து அவளே சொன்னாள்.

"நடுவில் இருக்கிறவர் என் ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தாராம். நான் வீறிட்டு அழுததை இன்னும் மறக்கவில்லையாம்."

"வேற என்ன கேட்டாங்க?"

"அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்."

கெட்ட பெண் இல்லை. 'பயப்படாதே, அவர்கள் மிகவும் நல்லவர்கள்' என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னாள். அவளுக்கு நல்லவர்கள்தான். அவளுடைய நேர்முகப் பரீட்சை ஞானஸ்நானத்தன்றே முடிந்துவிட்டது.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர், தங்கக் கம்பிக் கண்ணாடி. இடப்பக்கம் ஒருவர், தன் முன்னால் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு. வலப்பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து சர்ஜன், நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று. அந்தக் கீற்றைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"என்ன விளையாட்டு விளையாடுவாய்?" என்றார் தலைவர், இங்கிலீஷில்.

"நெட்போல், சேர்."

"டெனிஸ்?"

"இல்லை, சேர்." டெனிஸ் மைதானம் துரை பங்களாவில் இருந்தது. அங்கே புல் பிடுங்கத்தான் எங்களைக் கூப்பிடுவார்கள்.

"ஏன் மருத்துவம்?"

ஏழைகள் எங்கேயோ தூரத்தில் இருக்கிறமாதிரி பாவனை செய்து சொன்னேன். அவர் கொட்டாவியை மறைத்துக்கொண்டார். அன்று காலையிலிருந்து எத்தனை பேர் அதே ஏழைகளுக்குச் சேவை செய்திருப்பார்களோ.

தவளையின் இருதயத்தைப் பற்றி ஒரு கேள்வி. அது ஒன்றுதான் படிப்புச் சம்பந்தமான கேள்வி. சரியாகச் சொன்னேன். தலைவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"தந்தை?"

"தேயிலைத் துறையில் இருக்கிறார், சேர்."

"அப்படியா? எந்தக் கம்பெனி? தரகரா?"

டீச்சர் இதற்கு மேல் சொல்லித்தரவில்லை. "கொழுந்து வாட்டும் மாடியில், சேர்," என்றேன்.

தலைவர் சிரித்தார். தேநீர்க்காரரும் சிரித்தார். சர்ஜன் மட்டும் சிரிக்காமல் கொஞ்சம் முன்னால் குனிந்து தமிழில் பேசினார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. உமக்கு எந்த ஊர்?"

காலையிலிருந்து இங்கிலீஷில் இழுத்துப் பிடித்திருந்த உடம்பு அந்தத் தமிழைக் கேட்டதும் தளர்ந்துவிட்டது. கைகள் மேலே போய்க் கட்டிக்கொண்டன. வாய் தானாகத் திறந்தது.

"திருச்சி ஜில்லாங்க. முசிறிப் பக்கம்."

சர்ஜன் பின்னால் சாய்ந்து இங்கிலீஷில் தலைவரிடம் சொன்னார்: "தன் வீடு இந்தியாவில், திருச்சினாப்பள்ளியில் என்கிறாள்."

"ஓ. எப்போது திரும்பிப் போகிறாய்?"

"நான் போனதே இல்லை, சேர். நான் பிறந்தது டிக்கோயாவில்."

"இப்போதுதானே திருச்சினாப்பள்ளி என்றாய்?"

யாழ்ப்பாணத்தில் ஒருவன் ஊர் எது என்று கேட்டால் அவன் பிறந்து வளர்ந்து இருக்கிற கிராமத்தைத்தான் கேட்கிறான். அது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் வேளைக்கு உதவவில்லை. இதை இங்கிலீஷில் எப்படி விளக்குவது? ஊர் என்ற சொல்லுக்கு அந்த மொழியில் எங்கள் அர்த்தம் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சேர், எங்கள் பேச்சில் ஊர் என்றால் நாங்கள் இருக்கும் இடம் இல்லை."

"அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்," என்றார் தலைவர். "சென்னை மாகாணத்தில் நல்ல மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் டாக்டர்களை நாங்கள் ஏன் உருவாக்க வேண்டும்?"

நான் சர்ஜனைப் பார்த்தேன். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கியிருந்தது. விளங்காத மனிதர் அப்படிக் கண்ணாடியைத் துடைக்கமாட்டார். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னார்.

"நானோ சொன்னனான் பிள்ளை? நீர்தானே சொன்னீர்."

கதவைச் சாத்திக்கொண்டு போகச் சொன்னார்கள். சாத்தினேன்.

ரயிலில் பவுலின் டீச்சர், "கையைக் கட்டினியா?" என்றார். கட்டினேன் என்றேன். "எத்தனை தடவ சொன்னேன்," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் விஷயத்தைக் கேட்டதும் மறுபடி என் பக்கம் திரும்பினார். பிறகு, "அட்டன்னு சொல்லியிருக்கலாம்ல," என்றார். வாழ்நாள் முழுக்க அப்படிச் சொல்லித் தப்பித்தவருக்கு அது லேசாகத் தெரிந்தது.

வீட்டில் அப்பா ஸ்டோரிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"ஊரு எதுன்னு கேட்டாங்க."

அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். "நீ என்னா சொன்னே?"

"முசிறின்னு சொல்லிட்டேன்ப்பா."

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "எங்கிட்டயும் அதத்தான் கேட்டாங்க. நுவரெலியாவுல, பிரஜாவுரிமை விசாரணையில. நானும் முசிறின்னுதான் சொன்னேன். ஊரு அங்க இருக்கிறவனுக்கு இங்க எதுக்குப் பிரஜாவுரிமைன்னு அந்த ஆளு சிரிச்சான்."

எங்கள் மனு தள்ளுபடியானது தெரியும். எதனால் என்று அவர் அதுவரை சொன்னதில்லை.

"அத முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னத்தம்மா சொல்றது? டாக்டர் படிப்புக்கும் அதையே கேப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்? நீ படிச்ச பிள்ள. நான் நெனச்சேன், ஒன்னைய வேற கேள்வி கேப்பாங்கன்னு."

அம்மா காளியாயி அடுப்படியிலிருந்தே, "நாக்குல இருக்கிறதத்தானே சொல்லுவோம்," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

மருத்துவம் கிடைக்கவில்லை. வேண்டுமானால் விஞ்ஞானம் படிக்கலாம் என்றார்கள். அதற்கு யாரும் ஊர் கேட்கவில்லை. தவளையை அறுக்க ஊர் வேண்டாம்; மனுஷரைத் தொடத்தான் வேண்டும்போல. இசபெல் மருத்துவத்துக்கு எடுபட்டாள். "சயன்ஸ்னா ஊசி போடமாட்டாங்களா?" என்று ராக்காயி அக்கா கேட்டது. போடமாட்டார்கள் என்றேன். "அப்ப எதுக்கு?" என்றது. நல்ல கேள்வி. அந்த மூன்று பேர் கேட்ட எல்லாவற்றையும்விட நல்ல கேள்வி.

படித்தேன். பட்டம் வாங்கினேன். எங்கள் தோட்டத்தில் முதல் பட்டதாரி என்று கோயிலில் மாலை போட்டு, மாலையோடு நிற்கவைத்து ஆள் ஆளுக்குப் பேசினார்கள். பேசியவர்களில் லியனார்ட் ஐயா இல்லை.

இந்த வருஷம், நான் விஞ்ஞானம் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்து விடுமுறைக்கு லயத்துக்கு வந்திருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டது. அட்டனுக்கு பஸ் ஏறிப் போயிருக்கலாம். உடம்பில் தெம்பு இல்லை. சேலைக்கு மேல் அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மருந்து வாங்க வெறும் போத்தல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தேன். ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். உள்ளே அதே நாற்காலி. ஐயாவுக்குத் தலை நரைத்திருந்தது. முன்னால் பேப்பர்.

நான் பேர் சொல்லவில்லை. பார்க்கட்டும், பார்த்தால் தெரியாமலா போகும் என்று நின்றேன். அவர் பார்க்கவில்லை.

"எந்த லயம்?"

கொழும்பில் மூன்று படித்த மனிதர்களுக்குக் கேட்கத் தெரியாத கேள்வி. அன்றைக்கு இப்படிக் கேட்டிருந்தால் நான் இன்று அந்த ஜன்னல் கம்பிக்கு உள்ளே டாக்டராக இருந்திருப்பேன்.

"பத்தாம் நம்பர்," என்றேன்.

குரலில் 'ங்க' இல்லாததைக் கவனித்து ஐயா நிமிர்ந்தார்.

"அட, நம்ம கந்தப்பன் மக. பட்டதாரியம்மா. டாக்டராகப் போறேன்னு கொழும்புக்குப் போன பிள்ளதானே?"

"ஆமா."

"நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் சரிப்படாது, நான் அப்பவே சொன்னேன். சரி, நாக்க நீட்டு."

வாயை இறுக்க மூடிக்கொண்டேன். காய்ச்சலில் காது இரைந்தது. பின்னால் வரிசையில் இருந்த ஒரு கிழவி, "நீட்டேம்மா, மழ வருது," என்றாள். அவளுக்கும் மருந்து வேண்டும்.

நீட்டினேன். அவர் பார்த்தார். பிறகு நாற்காலியை மெதுவாகப் பின்னால் தள்ளி, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, லியனார்ட் ஐயா என் முன்னால் எழுந்து நின்றார். காய்ச்சல் மருந்து இப்போது மேல்தட்டில் இருந்தது.