வில்லிக்குக் குரல் கொடுத்தவள்

"இன்னும் கொஞ்சம் விஷம் வேணும் மேடம். நிஜ லவ்வு மாதிரி கேக்குது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டப்பிங் இன்ஜினியர் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. அவள் குரல் கொடுப்பது ஒரு தொடரின் வில்லிக்கு. பெண்ணை விரும்பும் பெண். கதாநாயகி வீட்டுக்குள் தோழி என்று நுழைந்து குடும்பத்தைக் கலைக்கிறவள். அன்றைய வசனம், "உங்க அம்மாவை என் அம்மா மாதிரி பாத்துக்கறேன். அப்புறம் நம்மள யாரு பிரிப்பா?"

முதல் டேக்கில் தன்னையறியாமல் அதைக் கனிவாகச் சொல்லிவிட்டாள். இதே வார்த்தைகளைச் சில நாள் முன்புதான் வீட்டில் கேட்டிருந்தாள். இரண்டாவது டேக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அதுதான் ஓகே ஆனது.

வீட்டில் அதைச் சொன்னவள் மருந்துக்கடைக்காரி. ஐந்து வருடமாக இருவரும் ஒன்றாக வாழ்கிறார்கள். அம்மாவைப் பொறுத்தவரை கூடத் தங்கியிருக்கும் சிநேகிதி. கண் ஆபரேஷனுக்காக வந்த அம்மாவுக்கு நான்கு வேளையும் அவள்தான் சொட்டு மருந்து விட்டாள்.

"இவ விட்டா பஞ்சு பட்ட மாதிரி இருக்கு. நீ விட்டா குழாயைத் திறந்துவிட்ட மாதிரி," என்பாள் அம்மா மகளிடம்.

அம்மா நாளை ஊருக்குக் கிளம்புகிறாள். இன்று மாலைக்குள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனதே பாதிக் கிணறு தாண்டியதுபோல.

மத்தியானம் தொடர் வந்தது. முந்தாநாள் அவள் குரல் கொடுத்த காட்சி. டிவி பார்க்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்பது அம்மாவின் கட்சி. கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள்.

"ஏய், உன் குரல்டி," என்று பெருமையாகச் சிரித்தாள். வசனம் முடிந்து உறுமல் இசை எழுந்தபோது அந்தச் சிரிப்பு அடங்கியிருந்தது.

"இப்படித்தான் உள்ள நுழைவாளுங்களா?"

"கதைம்மா."

"ஒண்ணுமில்லாமலா எழுதுவாங்க?"

மருந்துக்கடைக்காரி கை கழுவிவிட்டு மருந்தோடு வந்தாள். "அம்மா, கண்ணைத் திறங்க, பாப்போம்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ வை. இனிமே என் பொண்ணே விடட்டும்."

அவள் மருந்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

"அம்மா, அந்த வசனத்தை நான் முதல்ல வேற மாதிரிதான் பேசினேன்," என்றாள் மகள்.

"எப்படி?"

அம்மாவின் காலருகே உட்கார்ந்து, மெதுவாக, மனசிலிருந்து சொன்னாள். "உங்க அம்மாவை என் அம்மா மாதிரி பாத்துக்கறேன். அப்புறம் நம்மள யாரு பிரிப்பா?"

அம்மா காலை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்டி. அப்படி நல்லவ மாதிரி பேசுனா இன்னும் பயமா இருக்கு."

இதற்குமேல் எந்தக் குரலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மருந்தை எடுத்தாள். முதல் சொட்டு கன்னத்தில் வழிந்தது.

"அவ கைன்னா..." என்று ஆரம்பித்த அம்மா, பாதியில் நிறுத்திக்கொண்டு புடவைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்தாள்.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நிற்கவேயில்லை. ஏற்கெனவே கழுவிய கையை அவள் மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.