வில்லன் தேவை

1

இந்தக் கதை நானாக யோசித்ததில்லை. அக்கா கேட்டு எழுதுவது. நெஞ்சை அடைக்கிறது என்று போன அத்தானை, 'பயமில்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று நோய் கணிக்கும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் சொன்னதை வைத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

"வாராவாரம் பத்திரிகைக் கதையில எவனையாவது வில்லனாக்குறியே, எனக்கும் ஒருத்தனைக் காட்டுடா. யாரைத் திட்டுறதுன்னே தெரியல" என்றாள் அக்கா.

2

அந்தக் கம்ப்யூட்டர் திரை நாகத்தின் கண்ணைப் போல...

(அடித்துவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தேன். மேசையில் சாதாரணப் பெட்டி, மேலே தூசி. அதைத் திட்டுவதும் மின்விசிறியைத் திட்டுவதும் ஒன்றுதான்.)

3

டாக்டரம்மா செல்போனை நோண்டியபடி, அத்தானை ஏறெடுத்தும் பாராமல்...

வாசித்துக் காட்டும்போதே அக்கா நிறுத்தினாள்.

"பொய் எழுதாத. அந்தப் பொண்ணு திரும்பத் திரும்ப அவர் கையைப் பிடிச்சுப் பார்த்துச்சு. அது முகமே சரியில்ல."

"அப்புறம் ஏன் அனுப்புச்சு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உன்கிட்ட வந்தேன்?"

(வாசகர்களுக்கு: விசாரித்தேன். கம்ப்யூட்டர் சொன்னதை டாக்டர் ஏற்க ஒரு தட்டு போதும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும்; மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதை விற்ற கம்பெனி, முடிவு டாக்டருடையது என்கிறது. நிர்வாகம், கருவி அநேகமாகத் தவறுவதில்லை என்கிறது. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். காபிகூடக் கொடுத்தார்கள்.)

4

டாக்டரம்மா கம்ப்யூட்டர் சொன்னதை மறுத்துவிடுகிறாள். அத்தான் பிழைத்து, வார்டில் தலையணை சரியில்லையென்று அக்காவிடம் சண்டை...

"வேண்டாம்டா. அப்புறம் தினம் அதையே படிச்சுட்டு உக்காந்திருப்பேன்."

தாளை மடித்துக் கொடுத்தாள்.

"யாரும் கிடைக்கலைன்னா என்னைப் போடு. அந்தப் பொண்ணு இன்னும் யோசிச்சுட்டுதான் இருந்துச்சு. 'அதான் மெஷினே சொல்லிடுச்சே, கிளம்புங்க'ன்னு சட்டையை எடுத்துக் கொடுத்தது நான்தான்."

"பைத்தியமாக்கா உனக்கு?"

"கதைக்கு வில்லன் வேணுமில்ல?"

5

என்னிடம் இருக்கும் வில்லன்கள் யாரும் இதில் பொருந்தவில்லை. சொத்துக்கு விஷம் வைப்பவர்கள் அவர்கள். பாவம், எளிய மனிதர்கள்.

ஆகவே முடிவை எழுதவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். டாக்டரோ, கம்பெனியோ, காபி கொடுத்தவரோ, யாரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றுதான்: இதழ் வந்ததும் அக்கா பேனாவோடு உட்காருவாள். அவளை முந்திக்கொள்ளுங்கள்.

வில்லன்: ................