நதியோரம் ஒன்பது நாள்

“உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

“கத்துக்கிறியா? நான் பின்னாடி பிடிச்சுக்கிறேன்.”

“வேண்டாங்க. எனக்கு அதெல்லாம் பிடிக்காது.”

கல்யாணமான நான்காம் நாள், வாசற்படியில் நின்றபடி பேசிய பேச்சு. இருபத்திரண்டு வருடமாகியும் அவளுக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. தெரியாது என்றது உண்மை. பிடிக்காது என்றது பொய். அத்தை மகனின் சைக்கிளில் ஏறித் தக்காளி வண்டியில் மோதியபோது தெருவே கூடிச் சிரித்தது அப்போது அவளுக்கு ஆறாத புண்ணாக இருந்தது. புதுக் கணவரும் சிரித்துவிட்டால்? அந்தப் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். அவர் “சரிம்மா” என்றார். அதோடு சரி. பிறகு ஒருநாளும் அவர் கேட்கவில்லை.

அவர் வேலை அப்படி. நீர்வளத் துறை அலுவலகத்தில், தினமும் காலை ஏழரை மணியிலிருந்து ஆற்றோரத்து அளவு நிலையங்கள் ஒவ்வொன்றாகப் போனில் வரும். அங்கிருக்கும் காவலர்கள் நீர்மட்டத்தைச் சொல்வார்கள், இவர் பதிவேட்டில் எழுதுவார். சொன்ன எண் தப்பு என்று தோன்றினாலும் எழுதுகிறவர் அதைத் தொடக் கூடாது, திருப்பிக் கேட்கவும் கூடாது. சொன்னவரே மறுபடி அழைத்து, முதலில் ‘திருத்தம்’ என்று சொல்லிவிட்டுப் புது எண்ணைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே பழைய எண்ணின் மேல் கோடு விழும்.

“தப்புன்னு தெரிஞ்சும் சும்மா இருப்பீங்களா?” என்று அவள் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

“கேட்டா, நாம என்ன எதிர்பார்க்கிறோமோ அதைச் சொல்லிடுவாங்க. அப்புறம் அது ஆத்தோட அளவா, என்னோட அளவா?”

இத்தனை வருடம் அந்த நதியின் உயரத்தை எழுதியவர், ஊர்ப் பாலத்தைத் தாண்டி அதைப் பார்த்ததே இல்லை. மலையிலிருந்து ஆற்றை ஒட்டியே பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் பழைய சரக்கு ரயில் பாதையில், தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு சைக்கிள் பாதை போட்டிருந்தார்கள். அதில் ஒன்பது நாள் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மகள் வெளியூருக்குப் படிக்கப் போனாள். இந்த வருடம் விடுமுறையும் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை புறப்பாடு.

இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டைவிட வரைபடத்துக்குத்தான் இடம் அதிகம். அவளுடைய தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்து, ஆற்றின் வளைவுகளின் மேல் வைத்து, விரலால் மெல்ல அழுத்தித் தூரம் அளப்பார். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். அப்போது அறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். மின்விசிறியின் சத்தம் நாணலில் காற்று புகுவதுபோலக் கேட்கும்.

“இங்க மூணு சுரங்கம். மூணாவதுலேருந்து வெளிய வந்தா கண்ணு கூசுமாம், கீழ அவ்ளோ தண்ணியாம். இருமல்காரர் சொன்னார்.”

இருமல்காரர் ஏழாம் நிலையத்துக் காவலர். இருமிவிட்டுத்தான் எண் சொல்வார். ஒன்பதாம் நிலையத்தில் பேச்சுக்கு நடுவே ஒரு கிளி கத்தும். பதினோராம் நிலையத்துக்காரர் எண்களைப் பாட்டாகவே பாடுவார். ஒருவருடைய முகமும் இவருக்குத் தெரியாது.

“நேர்ல போய் நின்னா உங்களை எப்படி அடையாளம் தெரியும் அவங்களுக்கு?”

“நான் வாயைத் திறந்தா தெரிஞ்சிடும்.”

“வீட்டுல திறக்காத வாய் அங்க போய்த் திறக்குதாக்கும்.”

அவர் சிரித்தார். நூல் நழுவி, நதி ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

வரைபடத்தின் ஓரத்தில் அவர் எழுதியிருந்த எண்களில் அவள் கண் நின்றது. “ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர்தானா? நீங்க அறுபது போவீங்களே.”

“மெதுவா போனாத்தான் ஆறு தெரியும்.” வரைபடத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னார். “பெஞ்ச் எங்கெங்க இருக்குன்னும் கேட்டு வெச்சிருக்கேன்.”

அந்தப் பெஞ்சுகளைப் பற்றி அன்று படுக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லா பெஞ்சிலும் அவர் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலியாக, வெயில் பட்டுக் கிடந்தது.

விடுமுறைக்கு அவர் எழுதிக்கொடுத்த வாரமே அவள் ஒரு காரியம் தொடங்கியிருந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சட்டத்தில் பொருத்துகிறவள். அடுத்த மேசைக்காரியை எல்லாரும் பவர் அக்கா என்பார்கள். ஆளைப் பார்த்ததும் கண்ணாடியின் பவரைச் சொல்லிவிடுவாள். தினமும் மதியம், கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில், பவர் அக்காவின் சைக்கிளில் பாடம் நடந்தது.

“சக்கரத்தைப் பாக்காதே. அது எங்கயும் ஓடிடாது. எதிர்ல பாரு.”

“விட்டுறாதீங்க அக்கா.”

“விட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சுடி.”

உடனே விழுந்தாள். முழங்காலில் இருந்த கன்றலைப் பார்த்து அவர் “எங்க இடிச்சே?” என்றார். “மேசையில” என்றாள். அவர் மருந்து தடவினார், வேறு கேட்கவில்லை. அந்தக் கன்றல் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்தபோது அவளுக்குத் திருப்பங்களும் கைவந்திருந்தன.

வாயைத் திறப்பதுதான் வரவில்லை. இத்தனை வருடம் அவர் தனியாகக் கட்டி வைத்த கனவு. அதில் போய், தள்ளி உட்காருங்கள் என்று எப்படிச் சொல்வது? சோறு போடும்போது நாக்கு நுனிவரை வரும், “இன்னும் கொஞ்சம் ரசமா?” என்று மாறி விழும்.

“அவரே கூப்பிட்டா நல்லா இருக்கும்” என்றாள் வியாழக்கிழமை.

பவர் அக்கா லென்ஸைத் துடைப்பதை நிறுத்தினாள். “அவரு கூப்பிட மாட்டாரு. நீ கேக்க மாட்டே. என் சைக்கிள் மட்டும் தனியா போய்ட்டு வரட்டுமா?” சாவியை அவள் பக்கம் தள்ளினாள். “எடுத்துட்டுப் போ. பத்து நாளைக்கு நான் பஸ்ல வரேன்.”

சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே, பக்கத்து வீட்டுச் சைக்கிள்களோடு நிறுத்தினாள். அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் அலுவலகம் போனதும் இறங்கி அதை வெளியே தள்ளினாள். தெருவில் மூடுபனி. பால் வண்டி ஒன்று கடந்தது, ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. மிதித்தாள். கடைத்தெரு பின்னால் போயிற்று, தபால் நிலையம் போயிற்று. சரிவில் சக்கரம் தானாகவே உருள, தூக்கத்தில் மிதப்பதுபோல இருந்தது. சரிவின் முடிவில் பனிக்குள்ளிருந்து பாலம் வந்தது.

நடுவில் இறங்கிக் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தாள். கீழே நதி, ஓசையே இல்லாமல். வரைபடத்துச் சிவப்பு நூல் இங்கே வந்துதான் முடிகிறது. மணி எட்டரை ஆகட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் எல்லா நிலையங்களும் சொல்லி முடித்திருக்கும். பிறகு அவருடைய அலுவலக எண்ணை அழுத்தினாள்.

“சொல்லுங்க, எந்த நிலையம்?” வேலை நேரத்துக் குரல்.

“நான்தாங்க.”

“என்னம்மா, வீட்டுல ஏதாவது…”

“வீட்டுல இல்ல. பாலத்துல நிக்கிறேன்.” மூச்சு இன்னும் வாங்கியது. “திருத்தம்.”

அந்தப் பக்கம் நாற்காலி அசைந்தது. பேனா மூடி கழலும் சத்தம் கேட்டது. பழக்கம். பிறகு அவர், காவலர்களிடம் சொல்வதுபோல அல்லாமல், மிக மெதுவாக, “சொல்லு” என்றார்.

“கல்யாணமான நாலாம் நாள், சைக்கிள் பிடிக்காதுன்னு சொன்னேன். அது தப்பு. பயமா இருந்துச்சு, அவ்ளோதான். இப்போ வீட்டுலேருந்து பாலம் வரைக்கும் நானே ஓட்டிட்டு வந்திருக்கேன். நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க.”