அழிக்க மூன்றை அழுத்தவும்

உள்ளறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, அண்ணனின் கட்டில்மேல் உட்கார்ந்து, பக்கத்து மேசையிலிருந்த போனில் அவள் தன் அலுவலக எண்ணையே அழுத்தினாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அத்தையின் அழுகையும் நாற்காலிகளை இழுக்கும் சத்தமும் கதவைத் தாண்டி வந்தன. மூன்று முறை மணி அடித்ததும் எதிர்முனையில் அவளே பேசினாள்.

"வணக்கம்! தற்போது உங்கள் அழைப்பை ஏற்க இயலவில்லை. ஒலி கேட்டதும் உங்கள் செய்தியைச் சொல்லவும்."

என்ன உற்சாகம்! லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனிக்கு, ஆளில்லாதபோது போனில் வரும் செய்தியைப் பதிவுசெய்யும் மெஷின் வந்ததே நேற்றுத்தான். ஊருக்கே வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு அதைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாட்ட வந்தவன், "கொஞ்சம் சிரிச்சாப்ல பேசுங்க மேடம்" என்று திரும்பத் திரும்பப் பதிவு செய்தான். மத்தியானம் முழுக்க எந்தப் போனையும் எடுக்காதே, சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. அவளும் எடுக்கவில்லை. மணி அடித்தது, அடங்கியது, சிவப்பு விளக்கு மினுக்கியது. முதலாளிதான் சோதிக்கிறார் என்று நிம்மதியாக டீ குடித்தாள்.

அப்புறம்தான் அண்ணன் பேயறைந்தவன் போல் அலுவலக வாசலில் வந்து நின்றான். "அப்பா போயிட்டாரும்மா. நைட் டியூட்டி முடிஞ்சு வந்து படுத்தேன். எந்திரிச்சுப் பாத்தா மூச்சு இல்ல. உனக்கு போன் போட்டா, உன் குரல்ல ஏதோ மெஷின் பேசுது."

அதற்குப் பிறகு அவன் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியில் வரும்போது கேட்டான், கூடத்தில் கேட்டான், இன்று விடிந்ததும் கேட்டான்.

"அப்பா உனக்கு போன் பண்ணாரா?"

"இல்லண்ணா."

 மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். எதையோ தெரிந்துகொண்டுதான் கேட்கிறான். இன்றில்லாவிட்டால் நாளை எல்லார் முன்னாலும் கேட்பான். டீ குடிக்க நேரமிருந்தது, போனை எடுக்க நேரமில்லையா? அவன் விட்டாலும் முதலாளி நாளைக்கு அத்தனையையும் போட்டுக் கேட்பார். அதற்குள் அழித்துவிட வேண்டும். கேட்காமல் அழிக்க அந்த மெஷின் விடாது.

பதிவானதைக் கேட்பதற்கான ரகசிய எண்ணை அழுத்தினாள். ஒருமுறை தப்பாகிப்போனது.

முதல் செய்தியில் யாரோ லிஃப்ட் பாதியில் நின்றதற்காகக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார். இரண்டாவதில் வெகுநேரம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"கண்ணு... நீதானே பேசுன? நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுதும்மா. என்ன, பேச மாட்டேங்கிற? வேலையா இருக்கியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்தபடியேதான் ஆகிவிட்டது. போனை வைத்துவிடலாம் என்று எண்ணியபோது, தூக்கக் கலக்கத்தில் இன்னொரு குரல், மிக அருகில்.

"யாருப்பா போன்ல? அவள ஏன் தொந்தரவு பண்றீங்க? வாயுவா இருக்கும். போய்ப் படுங்க, சரியாயிடும்."

"சரிப்பா. நீ தூங்கு."

அவ்வளவுதான். தன்னைப் பிடிக்க விரித்த வலை என்று அவள் நினைத்திருந்த கேள்வி அது. தன் குரலும் அதில் விழுந்திருக்குமோ என்று நேற்றிலிருந்து அண்ணன் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறான்.

கதவு தட்டப்பட்டது. ரிசீவரோடு எழுந்துபோய்த் தாழைத் திறந்தாள்.

"வண்டி வந்துடுச்சு" என்ற அண்ணன் அவள் கையைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "அந்த மெஷின்ல... அப்பா ஏதாச்சும் பேசிருக்காரா?"

சேமிக்க ஒன்றை அழுத்தவும், அழிக்க மூன்றை அழுத்தவும் என்று ரிசீவர் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் 'கண்ணு'வை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பி மேசைக்குப் போய் மூன்றை அழுத்தினாள்.

"ஒண்ணுமே பதிவாகலண்ணா. நான்தான் மெஷின ஒழுங்கா வைக்கல. அப்பா கூப்பிட்டுத்தான் இருப்பாரு. மணி அடிச்சுது. எனக்குக் கேட்டுச்சு. நான் எடுக்கல."

அண்ணன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். கூடத்திலிருந்து இருவரையும் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றான்.

கொண்டுவந்து கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அவளிடம் நீட்டினான்.